அருவருப்பில் தேர்ந்த மிஸ்

என்னைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் பலர். என் கந்தோர் மனேஜர், பிற்காலத்தில் வாய்த்த மாமனார், நகைச்சுவை என்று நம்பி நான் எழுதியதைப் பிரசுரித்த வாரப் பத்திரிகையின் ஆசிரியர், எல்லோரும் அதில் அடக்கம். ஆனால் நான் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டிய ஃப்ளொப்பியைப் பார்த்து, மூன்று நாள் மிஞ்சிப்போன சூடைமீனை யாரோ மூக்குக்கு நேரே பிடித்ததுபோல முகம் சுளித்தவர் ஒருவர்தான். அவரை எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டோம். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

ஃப்ளொப்பி என்றால் பிஸ்கற் அளவில் ஒரு சதுரத் தட்டு. தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பில் கடிதம், விண்ணப்பம், கண்ணீர் எல்லாம் அதில்தான் பயணம் செய்தன. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையின் வாயிலில் ஒரு கொமியூனிகேஷன் இருந்தது. பாதி இடத்தில் டெலிபோன் பெட்டிகள். அதற்குள் நின்று சனம் கனடாவை நோக்கிக் கத்தும். மற்றப் பாதி மிஸ்ஸுடையது. ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் இருக்க ஒரு வாங்கு. துறைமுகப் பக்கத்துக் கப்பல் கொம்பனியொன்றில் முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்துவிட்டு வந்தவர். கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ் மாறி, இரண்டு சோதனைச் சாவடிகளில் கைப்பையைத் திறந்து காட்டி, ஒன்பது மணிக்குக் கடையில் நிற்பார்.

சுத்தக்காரி என்று நினைக்கவேண்டாம். கடைக்குப் பின்னால் கால்வாய் நாறும். மேசையில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒருநாள் கீபோர்டுக்குக் கீழிருந்து வெளியே வந்த கரப்பானை வெறும் உள்ளங்கையால் அடித்து, கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அதே கையால் சீனிச்சம்பல் வைத்த பாண் துண்டை எடுத்துக் கடித்தார். நான்தான் வாங்கின் மறுமுனைக்கு நகர்ந்தேன். அவர் என்னைப் பார்த்து, "என்ன மென், கரப்பான் பூச்சிக்குமா பயம்?" என்றார்.

அவருடைய அருவருப்பு முழுவதும் ஒரே ஒரு சாமானுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பெயர் மக்ரோ.

அதென்ன என்று முதலில் கேட்டவர் எங்கள் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் என்றால், நான் அறை எடுத்திருந்த லொட்ஜின் சொந்தக்காரர். யாழ்ப்பாணத்தில் புகையிலை வியாபாரம் செய்தவர். வெள்ளவத்தையில் எங்களை வைத்துச் செய்தார்.

"கடிதம் அடிக்கிற புரோகிராமுக்கு ஒரு வேலையைப் பழக்கி வைக்கலாம்," என்றார் மிஸ். "ஃபைலைத் திறந்தவுடனே திகதியைப் போடு, கீழ பெயரைப் போடு எண்டு. அதுதான் மக்ரோ. நல்ல வேலைக்காரன். ஆனா யாரோ ஒரு எருமை அந்த வேலைக்காரனுக்குக் களவு பழக்கி விட்டுட்டுது. இப்ப நீங்க உங்கட கடிதத்தைத் திறக்கிறீங்க. அவன் எழும்பி, உங்கட பெயரில, தனக்கு விருப்பமானதைச் செய்யிறான். அங்கயிருந்து நீங்க திறக்கிற மற்றக் கடிதம் எல்லாத்துக்கும் குடிபோறான். சீ!"

"அப்ப அவனையும் பொலிஸில பதியவேணுமே மிஸ்," என்றார் வீட்டுக்காரர். அந்தக் காலத்தில் எங்களுக்குக் குடிபோவது என்றாலே பொலிஸில் பதிகிற ஞாபகந்தான் வரும்.

மிஸ் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவர் சிரித்ததே கிடையாது. ஃப்ளொப்பியை விரல் நுனியால் வாங்கி, அதன் மூலையிலுள்ள சின்னப் பூட்டைத் தள்ளி, இனி அதில் யாரும் எழுதமுடியாதபடி செய்வார். வைரஸ் தேடும் புரோகிராமை ஓடவிடுவார். அது நல்லது என்று சொன்னாலும் நம்பமாட்டார். ஃபைலின்மேல் இரண்டு தரம் தட்டித் திறப்பது அவர் அகராதியில் ஒரு கெட்ட பழக்கம். ஷிஃப்ட் கட்டையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் திறப்பார். அப்படிச் செய்தால் உள்ளே இருப்பவன் தானாக எழும்பமாட்டானாம். பிறகு மக்ரோப் பட்டியலைத் தேடுவார். சில வைரஸ்கள் அந்தப் பட்டியலுக்குப் போகிற வழியையே ஒளித்துவிடும். அப்போது பின்கதவால் போய், ஒவ்வொன்றாகப் பிடித்து அழிப்பார். கடைசியில் ஃபைலை மக்ரோ தங்கமுடியாத இன்னொரு வகையில் சேமித்து, புது ஃப்ளொப்பியில் போட்டு, சேமித்தது உண்மையிலேயே அந்த வகைதானா என்று இன்னொருமுறை திறந்து பார்ப்பார். ஏனென்றால் சில வைரஸ்கள் அதிலும் பொய் சொல்லும். எல்லாம் முடிந்தபின் லேபிளில் நீல மையால் அன்றைய திகதி. நல்ல பிரதியொன்று அவருடைய மேசை லாச்சிக்குள்ளும் போகும்.

இருபது நிமிடம். மூன்று வரி விண்ணப்பத்துக்கும் இருபது நிமிடம். வாங்கில் சனம் நெளியும். "மிஸ், பிளேனுக்கு நேரமாகுது," என்று ஒருவர் ஒருமுறை உண்மையாகவே அழுதார். "இதோட போனா அந்த எம்பசிக்கும் போகும் மென்," என்றார் மிஸ், ஷிஃப்டிலிருந்து கையை எடுக்காமல்.

மிஸ்ஸின் பங்குக் கோவிலிலிருந்து அச்சடிக்க வந்த ஞாயிறு அறிவித்தலில் ஒருநாள் அந்த வைரஸ் இருந்தது. மிஸ் டெலிபோனை எடுத்து, "ஃபாதர், உங்கட கொம்பியூட்டரை இண்டைக்கு யாரும் தொடப்படாது, நீங்களும்தான்," என்றார். பாவமன்னிப்புக் கேட்கிற குரல் அல்ல அது. கொடுக்க மறுக்கிற குரல்.

இத்தனைக்கும் அவரிடம் வந்த காகிதங்களில் முக்கால்வாசி பொய். வெளிநாட்டில் அகதி அந்தஸ்துக் கேட்டு எழுதிய வாக்குமூலங்கள். ஒரே சித்திரவதையை நாலு பேர் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். அதைச் சுத்தம் செய்கிறபோது அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இராது. எனக்கு அது பொறுக்கவில்லை. நான் நேர்மையின்மேல் பெரிய மரியாதை உள்ளவன், மற்றவர்கள் விஷயத்தில்.

"இவ்வளவு பொய்யையும் விட்டுட்டு மக்ரோவைப் பிடிக்கிறீங்களே மிஸ்?"

"பொய்யில என்ன ஊத்தை? அது அந்த ஆள் தெரிஞ்சு எழுதினது. கீழ கையெழுத்தும் வைக்கிறான். பிடிபட்டா அவன்தான் அனுபவிக்கப்போறான்." திரையை நாடியால் காட்டினார். "இது அப்பிடியில்ல. ஒளிச்சிருந்து செய்யிறது. பழி வேற ஆளுக்கு."

நான் தலையாட்டினேன். நல்ல வசனம், ஒரு கட்டுரைக்குப் பாவிக்கலாம் என்று நினைத்தேன். பாவித்தும்விட்டேன்.

இனி என் பங்கு. கோட்டையில் நான் வேலைசெய்த கந்தோரில் எனக்கென்று ஒரு கொம்பியூட்டர் இருந்தது. சம்பளம் தருகிறவர்களின் கடிதங்களுக்கு நடுவில் என் கட்டுரைகளையும் அதில் அடிப்பேன். நுகேகொடையிலிருந்து வந்த நண்பன் ஒருவன் பகிடிகள் நிறைந்த ஃபைல் ஒன்றைத் தந்தான். திறந்தபோது திரையில் ஒரு பெட்டி வந்து, இதில் மக்ரோக்கள் இருக்கின்றன, அனுமதிக்கவா, தடுக்கவா என்று கேட்டது. எனக்கு எதையும் மறுத்துப் பழக்கமில்லை. அதுவும் இங்கிலீஷில் கேட்டால். அனுமதித்தேன்.

அடுத்த வாரம் பத்திரிகாசிரியர் டெலிபோன் எடுத்தார். "இந்தமுறை கட்டுரை நல்லாயிருக்கு. வசனத்தில ஒரு புதுமை தெரியுது." எடுத்துப் பார்த்தேன். மூன்று இடங்களில் சொற்கள் தங்கள் வசனத்தைவிட்டு எழும்பி வேறு வசனத்தில் போய் இருந்தன. பதினைந்து வருட எழுத்து வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதை இழக்க யாருக்கு மனம் வரும்? மிஸ்ஸிடம் சொன்னால் அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். ஆகவே சொல்லவில்லை. அன்றிலிருந்து கட்டுரைகளைக் கந்தோரிலேயே அச்சடித்தேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு லொட்ஜும், தன்னிடம் தங்கியிருப்பவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர ஊர் எழுதிய பட்டியலைப் பொலிஸில் கொடுக்கவேண்டும். சிங்களத்தில். எங்களுக்குச் சிங்களம் பஸ்ஸிலும் சலூனிலும் நன்றாக வரும். எழுத்தாக வந்தால் ஜிலேபிதான். கொட்டாஞ்சேனையில் படித்த மிஸ்ஸுக்கு வாசிக்க வரும். அவர்தான் ஒருமுறை அந்தப் பட்டியலை அடித்துக் கொடுத்திருந்தார். அதன் பிரதிகளில்தான் வீட்டுக்கு வீடு ஆள் வரவும் போகவும் வரிகளைக் கூட்டிக் குறைத்தோம். நாங்கள் எல்லோரும் ஒப்பமிட்டுக் கையளித்த ஒரே இலக்கியம் அதுதான். ஒருவரும் வாசித்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை வீட்டுக்காரர் ஃப்ளொப்பியை என்னிடம் தந்தார். அறையைக் காலிசெய்து போன ஒருவரின் வரியை எடுக்கவேண்டும். "தம்பி, மிஸ்ஸட்டைக் குடுத்து எடும்," என்றார். லேபிளில் முந்திய வாரத்துத் திகதி நீல மையில் இருந்தது. ஒரு வரிக்கு இருபது நிமிடமா? கந்தோருக்குக் கொண்டுபோனேன். அங்கே சிங்கள எழுத்தும் இருந்தது. மூன்றாம் வரியை அழித்தேன், அச்சடித்தேன், மாலையில் கொடுத்தேன். வீட்டுக்காரர் வாசிக்காமலே ஒப்பமிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, நாங்கள் துவாயும் பற்பசையுமாகக் குழாயடியில் வரிசையில் நின்றபோது இன்ஸ்பெக்டர் ஒருவர் பட்டியலோடு வந்தார். நாலாம் அறையில் இருந்தவர் ஹட்டன்காரர். தோட்டத்தில் பிறந்து, காலி வீதிச் சைவக்கடையொன்றில் தோசை சுடுகிறவர். ஏழாம் அறையில், சண்டை நடந்துகொண்டிருந்த கிளிநொச்சியிலிருந்து கண் ஒப்பரேஷனுக்கு வந்த வயோதிபர். பட்டியலில் ஏழாம் அறைக்காரருக்கு ஊர் இல்லை. நாலாம் அறைக்காரருக்கு இரண்டு ஊர்: ஹட்டன், கிளிநொச்சி.

"கிளிநொச்சியில் எவ்வளவு காலம்?" என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

"சேர், நான் ஹட்டன் சேர். கிளிநொச்சிய மேப்புல கூட பார்த்ததில்ல சேர்."

"உன் வீட்டுக்காரர் ஒப்பம் வைத்துத் தந்திருக்கிறாரே. அவர் பொய்யா, நீ பொய்யா?"

ஹட்டன்காரர் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் என் பற்பசையைப் பார்த்தேன். ஹட்டன்காரரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏழாம் அறை வயோதிபர், ஒரு கண்ணில் கட்டோடு, தன் ஊர் தன்னைவிட்டுப் போனது தெரியாமல், "என்னவாம் தம்பி, என்னவாம்?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் மிஸ்ஸின் கடையில் நின்றார். நானும் போனேன். போகாமலிருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது.

மிஸ் அச்சடித்த பட்டியலை வாசித்தார். லாச்சியிலிருந்து தன்னுடைய நல்ல பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "யார் இதை அடிச்சது?"

"தம்பிதான், கந்தோரில," என்றார் வீட்டுக்காரர்.

மிஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. லேபிளில் தன் கையால் எழுதிய நீலத் திகதியைப் பார்த்தார். ஷிஃப்டை அழுத்திப் பிடித்துத் திறந்தார். பின்கதவால் போனார். அது அங்கே இருந்தது.

"இந்த ஃப்ளொப்பி ஒழுங்கை முழுக்கச் சுத்தினதுதானே," என்றேன் நான். "எந்த வீட்டில ஏறிச்சுதோ."

"ஓம்," என்றார் மிஸ். அவ்வளவுதான். அவர் சுத்தம் செய்து திகதி போட்டபிறகு அது ஒழுங்கையில் சுற்றவேயில்லை. வீட்டுக்காரரின் மேசையிலிருந்து என் பைக்கு வந்தது. அது அவருக்கும் எனக்கும் தெரியும்.

"அழியுங்கோ மிஸ் உந்தச் சனியனை!" என்றார் வீட்டுக்காரர்.

மிஸ்ஸின் விரல் பழக்கத்தில் அழிக்கிற இடத்துக்குப் போய்விட்டது. பிறகு எடுத்துக்கொண்டார். "அழிச்சா அந்த மனுசனுக்கு இருக்கிற ஒரே சாட்சியும் போயிடும்," என்றார். ஃப்ளொப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள், செபமாலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

பொலிஸில் இரண்டு பட்டியலையும் காட்டியபோது, இதை நீங்கள் இன்று காலையும் அடித்திருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம். நியாயமான கேள்வி. அப்படியானால் கடைக்கு வந்து கண்ணால் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார் மிஸ்.

மறுநாள் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார், கூட ஒரு கொன்ஸ்தாபல். வாங்கில் ஹட்டன்காரரின் மனைவி, இரவு ரயிலில் வந்த கசங்கலோடு, ஒரு ரெக்சீன் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கதவோரம். நான் டெலிபோன் பெட்டிப் பக்கம்.

மிஸ் அந்த ஃப்ளொப்பியைப் போட்டார். இந்தமுறை பூட்டும் இல்லை, ஷிஃப்டும் இல்லை. அந்தப் பெட்டி வந்தது: அனுமதிக்கவா, தடுக்கவா? ஆறு வருடமாக ஒரு ஊத்தையும் அண்டவிடாத கொம்பியூட்டர். அவர் கண்ணை மூடிக்கொண்டு அனுமதித்தார். சொந்தப் பிள்ளையின் வாய்க்குள் சேற்றை ஊட்டுகிறவரின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதைவிட மோசமாக இராது.

பிறகு நல்ல பட்டியலைத் திறந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மூடித் திறந்தார். ஒன்றுமில்லை. கொன்ஸ்தாபல் கொட்டாவி விட்டார். ஐந்தாம் முறை, ஆறாம் முறை. ஹட்டன்காரரின் மனைவி பையை இறுக்கிப் பிடித்தார். ஏழாம் முறை திறந்தபோது, இரண்டாம் அறைக்காரரின் பெயரில் பாதி ஐந்தாம் அறைக்குப் போயிருந்தது. ஒருவரும் கட்டையைத் தொடவில்லை.

"அப்பே! பூதயெக்த நோனா?" என்றார் இன்ஸ்பெக்டர். பேயா என்று கேட்டார். இன்னொருமுறை செய்யச் சொன்னார். பிறகு தானே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, திறந்து மூடித் திறந்து பார்த்தார். நாலாம் தரம் அது திரும்பவும் நடந்தபோது சந்தோஷத்தில் தொடையில் தட்டினார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, கடைசிக் கேள்வியைக் கேட்டார். இது எங்கிருந்து வந்தது? யாருடைய மெஷினிலிருந்து?

நான் டெலிபோன் பெட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலில், கனடாவுக்கு நிமிடம் எவ்வளவு என்று கவனமாக வாசித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துப் பிறப்பிடம், முப்பத்துமூன்று வயது, கோட்டையில் கந்தோர், கையில் கொம்பியூட்டர். என்னை அழைத்துக்கொண்டு போயிருந்தால் சீக்கிரம் விட்டிருக்கமாட்டார்கள். இதை நான் யோசிக்கவில்லை. மிஸ் யோசித்தார்.

"மகே மெஷின் எக்கென், மஹத்தயா," என்றார். என்னுடைய மெஷினிலிருந்து.

இன்ஸ்பெக்டர் தலையைத் தலையை ஆட்டி, எழுத்தில் வேண்டும் என்றார். சட்டத்தரணி ஒருவரைப் பிடித்தோம். ஜே.பி. என்கிற சமாதான நீதவான் முன்னால் ஒப்பமிட, அவர் இங்கிலீஷில் ஒரு சத்தியக்கடதாசி கேட்டார். மிஸ் என்னைக் கூப்பிட்டார். கொம்பியூட்டரை அணைத்து மேலே ஒரு துண்டைப் போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய டைப்ரைட்டர்.

"என்ட இங்கிலீஷ் கப்பல் கணக்கு இங்கிலீஷ். உம்மடது வடிவு. நான் சொல்லச்சொல்ல நீரே அடியும்."

அவர் சொன்னார், நான் அடித்தேன். கீழே கையொப்பமிடும் நான், இன்ன விலாசத்தில் வசிக்கும் கத்தோலிக்க மதத்தவள், சத்தியம் செய்து சொல்வதாவது. குறித்த வைரஸ் என்னுடைய கொம்பியூட்டரிலிருந்து, என்னுடைய கவனக்குறைவினால்...

கையை நிறுத்தினேன். "கவனக்குறைவு எண்டு போடத்தான் வேணுமா மிஸ்?"

"பின்ன? யாருட எண்டு போடுவம்?"

டெலிபோன் பெட்டிக்குள் ஒருவர் பாரிஸிடம், சத்தம் கேட்குதில்லை, சத்தம் கேட்குதில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். மிஸ் காத்திருந்தார். நான் 'என்னுடைய' என்று அடித்தேன். அவருடைய 'என்னுடைய'.

முடிந்ததும் தாளை உருவி என்னிடமே தந்தார். "நாளைக்கு ஜே.பி.க்கு முன்னால பைபிளில கைவைக்கப்போறன். வடிவா வாசிச்சுப் பாரும். எங்கயாவது பிழை இருந்தா இப்ப சொல்லும். பிறகு திருத்தேலாது."

நான் வாசித்தேன். மூன்று முறை வாசித்தேன். பிறகு அவருடைய நீலப் பேனையை வாங்கி, இரண்டாம் பந்தியில் ஒரு காற்புள்ளி போட்டேன்.

அவர் அந்தக் காற்புள்ளியைச் சற்று நேரம் பார்த்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மிஸ்."

செய்தி ஒழுங்கையில் பரவியது. வைரஸ் மிஸ்ஸின் மெஷினிலதானாம். சனம் ஃப்ளொப்பிகளை எடுத்துக்கொண்டு இரண்டு கடை தள்ளிப் போனது. அங்கே மூன்று நிமிடத்தில் வேலை முடியும். "உந்த மனிசியை நம்பி எத்தினை வருசம் குடுத்தம்," என்றார் வீட்டுக்காரர் என்னிடம். "ஓம், ஆரையும் நம்பேலாது," என்றேன். அப்படியே சொன்னேன், ஒரு சொல் கூடாமல் குறையாமல்.

பன்னிரண்டாம் நாள் ஹட்டன்காரரை விட்டார்கள். அன்று பின்னேரமே மனைவியோடு கடைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார், நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். வாங்கு வெறுமையாக இருந்தது. மிஸ் அவரை அதில் இருத்தி, பிளேன்ரீ வாங்கிவந்து கொடுத்தார். அந்த அம்மா ரெக்சீன் பையைத் திறந்து, கடதாசியில் சுற்றிய இரண்டு பொட்டலங்களை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சார், நம்ம தோட்டத்துத் தேயிலைத் தூளுங்க. நீங்கதான் அந்தக் கடுதாசிய அடிச்சுக் குடுத்தீங்களாமே. மிஸ் சொன்னாங்க. நீங்க நல்லா இருக்கணும்."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் முகத்தில் சுளிப்பு இல்லை. எதுவுமே இல்லை.

"வாங்கும்," என்றார். "மனுசி அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கு."

வாங்கினேன். ஒரு மாதம் குடித்தேன். நல்ல சாயம்.